பட்ஜிக்குப் பானை கட்டும் முன்: வயது பார்ப்பதும், பெட்டைக்கு ஓய்வு கொடுப்பதும்

நம் ஊரில் "லவ் பேர்ட்ஸ்" என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் பட்ஜிதான். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் சின்னக் கிளி இது. உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு பறவை. நான் இங்கே சொல்வது எல்லாம் பட்ஜிக்கு மட்டும்.

நான் முதலில் வாங்கிய ஜோடியை "பிரீடிங் பேர், பானை கட்டினால் போதும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த அன்றே, பறவை முட்டையிட்டு அடைகாக்கும் பானையைக் கூண்டில் கட்டினேன். சில வாரங்களில் ஒரு நாள் மாலை பெட்டை கூண்டின் தரையில் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முட்டை வெளியே வராமல் சிக்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் இறந்துவிட்டது. பழைய போட்டோக்களைப் பின்னாளில் எடுத்துப் பார்த்தால், அதன் உச்சந்தலையில் குஞ்சுக் கோடுகள் இன்னும் மிச்சம் இருந்தன. நான்கைந்து மாதம்தான் இருந்திருக்கும். அன்றைக்கு எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

1. பகல் வெளிச்சத்தில் பாருங்கள்

டியூப்லைட் வெளிச்சத்தில் அலகுக்கு மேலே இருக்கும் மூக்கின் நிறம் மாறித் தெரியும். காலையில் ஜன்னல் பக்கம் கூண்டை வைத்து, தலையைப் பக்கவாட்டிலும் நேராகவும் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கையில் பிடிக்கத் தேவையில்லை.

2. நெற்றிக் கோடுகள்

குஞ்சாக இருக்கும்போது தலையின் கருங்கோடுகள் பின்னந்தலையிலிருந்து மூக்கு வரை இறங்கி வரும். மூன்று, நான்கு மாதத்தில் முதல் முறை இறகு உதிர்க்கும். அப்போது நெற்றிக் கோடுகள் போய், மஞ்சளாகவோ வெள்ளையாகவோ நெற்றி தெளிந்துவிடும். கோடு மூக்கைத் தொட்டால் நான்கு மாதத்துக்குள் என்று எடுத்துக்கொள்ளலாம். பாதி தெளிந்து பாதி கோடாக இருந்தால் இறகு உதிர்க்கும் கட்டத்தில் இருக்கிறது. அலகில் கருப்புத் திட்டு இருந்தால் அது இன்னும் சின்னக் குஞ்சு.

3. கண்

நான் அதிகம் நம்புவது கண்ணைத்தான். குஞ்சுக்குக் கண் முழுக்கக் கருப்பு மணி மாதிரி இருக்கும். நான்கு மாதத்துக்கு மேல் கருவிழியைச் சுற்றி சாம்பல் நிறத்தில் மெல்லிய வளையம் தெரிய ஆரம்பிக்கும். அது மெல்ல மெல்ல வெளுத்து, எட்டு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் நல்ல வெள்ளை வளையமாகிவிடும். நெற்றி தெளிந்திருக்கிறது, வளையம் மட்டும் மங்கலாக இருக்கிறது என்றால் பறவை ஒரு வயதுக்குள்தான். விற்பவர் என்ன சொன்னாலும் சரி, இந்தப் பறவைக்குப் பானை கட்டாதீர்கள்.

4. மூக்கு

அலகுக்கு மேலே மூக்குத் துளைகள் இருக்கும் மெத்தென்ற பகுதியைத்தான் வளர்ப்பவர்கள் மூக்கு என்பார்கள். இளம் ஆணுக்கு அது முழுவதும் ஒரே சீரான ரோஸ் அல்லது ஊதா. வளர்ந்ததும் நல்ல நீலமாகும். இளம் பெட்டைக்கு வெளிர் நீலம் கலந்த வெள்ளை. துளையைச் சுற்றி மட்டும் வெள்ளை வளையம் இருக்கும். இந்த வெளிர் நீலத்தைப் பார்த்து ஆண் என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய பேர்.

வளர்ந்த பெட்டை முட்டைக்குத் தயாராகும்போது மூக்கு பழுப்பாகிச் சொரசொரப்பாகும். இந்தப் பழுப்பு உடம்பின் தயார்நிலையைக் காட்டுமே தவிர வயதைக் காட்டாது. ஆறு மாதப் பெட்டைக்கும் மூக்கு பழுப்பாகலாம். அதனால்தான் கண்ணையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். நீல மூக்கு ஆண் ஒன்றுக்குத் திடீரென்று பழுப்பாக மாறினால் விரைக் கட்டியாக இருக்கலாம். தள்ளிப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

சில வகைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. முழு மஞ்சள் லுட்டினோவுக்கும் முழு வெள்ளை ஆல்பினோவுக்கும் தலையில் கோடே தெரியாது, கண்ணும் சிவப்பு. ரிசெசிவ் பைடு (உடம்பில் திட்டுத் திட்டாக நிறம் மாறியிருக்கும்) வகைக்கு எத்தனை வயதானாலும் கண் வளையம் வராது. இந்த மூன்றிலும் வளர்ந்த ஆணின் மூக்குகூட ரோஸாகவே இருக்கும். இப்படிப்பட்ட பறவையின் காலில் மூடிய வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். குஞ்சு பத்து நாளைத் தாண்டுவதற்குள் போடும் வளையம் அது. பிறகு பாதம் பெரிதாகிவிடுவதால் மாட்ட முடியாது. அதனால் அதில் வருடம் பொறித்திருந்தால் நம்பலாம். திறந்து மூடும் வளையத்தை எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்பதால் அது சாட்சி ஆகாது. வளையமும் இல்லை என்றால் வாங்கிய தேதியிலிருந்து ஒரு வருடம் காத்திருங்கள்.

ஒரு வயதைத் தாண்டிவிட்டால் பார்த்து மட்டும் வயது சொல்ல முடியாது. இரண்டு வயதும் ஐந்து வயதும் ஒரே மாதிரி இருக்கும். கால் செதில் தடித்திருக்கிறது, அலகு நீண்டிருக்கிறது, அதனால் கிழம் என்பார்கள். அலகு ஓரத்திலும் காலிலும் தேன்கூடு மாதிரி வெள்ளைப் பொருக்கு இருந்தால் அது பூச்சித் தொற்று. அலகு அளவுக்கு மீறி வளர்வது ஈரல் கோளாறாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேண்டும்.

5. பானை கட்டலாமா?

பெட்டைக்கு ஒரு வயது முடிந்திருக்க வேண்டும். அதற்கு முன்பே முட்டையிடும், ஆனால் உடம்பு தாங்காது. மூன்று, நான்கு வயதோடு நிறுத்திவிடுங்கள். நல்ல பராமரிப்பில் பட்ஜி ஐந்திலிருந்து பத்து வருடம் வாழும். மீதி வருடங்கள் அது சும்மா பாடி விளையாடி இருக்கட்டும்.

வயதோடு இன்னும் மூன்றைப் பாருங்கள். ஒன்று, ஜோடி கூடப்பிறந்ததாக இருக்கக் கூடாது. ஒரே கூண்டிலிருந்து எடுத்துத் தரும் ஜோடி பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், எனவே ஆணையும் பெட்டையையும் வெவ்வேறு இடத்தில் வாங்குங்கள். புதிதாக வரும் பறவையை ஒரு மாதம் தனிக் கூண்டில் வைத்த பிறகே சேருங்கள். இரண்டு, பெட்டை குண்டாக இருக்கக் கூடாது. மூன்று, சாப்பாடு. வெறும் தினையில் வளர்ந்த பெட்டைக்கு முட்டை ஓட்டுக்கான கால்சியம் போதாது. பானை கட்டுவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே கூண்டில் கடல் நுரை மாட்டிவிடுங்கள் (கணவாய் ஓட்டைத்தான் கடைகளில் அப்படிச் சொல்கிறார்கள்). முளைகட்டிய பச்சைப்பயறு, முருங்கைக் கீரை, கேரட் துருவல், வாரம் இரண்டு நாள் அவித்த முட்டை எல்லாம் பழக்குங்கள். காலை வெயில் கொஞ்ச நேரம் நேரடியாகப் படட்டும். ஒதுங்க நிழலும் இருக்கட்டும். அவகாடோ மட்டும் கூடவே கூடாது, பட்ஜிக்கு அது விஷம்.

கத்திரி வெயிலில் பானை கட்ட வேண்டாம். அந்தச் சூட்டில் குஞ்சுகளும் தாயும் சேர்ந்து தவிக்கும்.

6. முட்டையிலிருந்து குஞ்சு வரை

ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டையிடும். நான்கு முதல் ஆறு வரை சாதாரணம். ஒரு முட்டை பொரிய சுமார் 18 நாள் ஆகும். பெட்டை முதல் முட்டையிலேயே அடை உட்கார்ந்துவிடுவதால் குஞ்சுகளும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் பொரியும். கடைசிக் குஞ்சு பிறக்கும்போது மூத்ததற்குப் பத்து நாள் ஆகியிருக்கலாம். தினமும் ஒரு முறை பானையைப் பார்த்து, கடைக்குட்டியின் தொண்டைப்பையில் தீனி இருக்கிறதா என்று கவனியுங்கள்.

பெட்டை உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வாலை மேலும் கீழும் ஆட்டி, முக்கிக்கொண்டே இருந்தால் முட்டை சிக்கியிருக்கிறது. உடனே சின்னப் பெட்டிக்கு மாற்றி, ஒரு பக்கம் மட்டும் பல்பு வைத்து 30 டிகிரி அளவுக்குச் சூடு கொடுங்கள். வயிற்றை அழுத்தாதீர்கள். உள்ளே முட்டை உடைந்தால் உயிருக்கே ஆபத்து. அப்படியே டாக்டரிடம் கிளம்புங்கள். பறவை பார்க்கும் டாக்டர் யார், எங்கே என்று பானை கட்டும் முன்பே விசாரித்து நம்பரை எழுதி வையுங்கள். சென்னையில் வேப்பேரி, மற்ற ஊர்க்காரர்களுக்கு நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே கேளுங்கள்.

குஞ்சுகள் 30 முதல் 35 நாளில் பானையை விட்டு வெளியே வரும். அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு வாரம் அப்பாதான் ஊட்டும். தானாகத் தினை உரித்துத் தின்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பிரியுங்கள். பெட்டை அடுத்த முட்டைக்குத் தயாராகி மூத்த குஞ்சுகளைக் கொத்தினால், அப்பாவையும் குஞ்சுகளையும் சேர்த்து வேறு கூண்டுக்கு மாற்றுங்கள்.

7. பானையைக் கழற்றுவது

வருடத்துக்கு இரண்டு ஈடு (ஒரு முறை தொடர்ந்து இடும் முட்டைகள் எல்லாம் சேர்ந்து ஒரு ஈடு), அதற்கு மேல் வேண்டாம். பானை தொங்கிக்கொண்டே இருந்தால் பெட்டை தானாக நிறுத்தாது, இட்டுக்கொண்டே போகும். இடையில் முட்டையை மட்டும் எடுத்துப் போட்டாலும் ஈடுகட்ட மறுபடி இடும். குஞ்சு வேண்டாம் என்றால் முட்டையை வேகவைத்து ஆறிய பிறகு திரும்ப வைத்துவிடுங்கள், அதுவே சலித்து எழுந்து வரட்டும்.

கடைசிக் குஞ்சு வெளியே வந்ததும் பானையைக் கழற்றுங்கள். ஆணைத் தனிக் கூண்டில் விடுங்கள். மாலை சீக்கிரம் துணி போட்டு மூடி, வெளிச்சத்தைப் பத்து மணி நேரத்துக்குள் குறையுங்கள். தீனியில் அவித்த முட்டையையும் முளைப்பயறையும் கொஞ்ச நாள் குறையுங்கள். கடல் நுரை இருக்கட்டும். முதல் வாரம் பெட்டை தீனிக் கிண்ணத்துக்குள் போய் உட்கார்ந்து சுரண்டும். உள்ளே நுழைய முடியாத சின்னக் கிண்ணமாக மாற்றி வையுங்கள். அப்புறம் கூண்டின் அடியில் இறகுகள் உதிர ஆரம்பிக்கும், மூக்கின் பழுப்புப் பொருக்கும் மெல்ல உரிந்து வெளுக்கும். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து, அங்கிருந்து ஆறு மாதம் எண்ணுங்கள்.