பரிணாம விவாதத்தில் "நீ என்ன படிச்சிருக்க?" என்று கேட்பதற்கு முன்

சென்னையில் பரிணாமம் பற்றி எங்கே கூட்டம் போட்டாலும், கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து கேட்பார்: "குரங்குல இருந்து மனுஷன் வந்தான்னா, குரங்கு இன்னும் ஏன் சார் இருக்கு?" அரங்கம் சிரிக்கும். மேடையில் இருப்பவர், "முதல்ல பிளஸ் டூ உயிரியல் புத்தகத்தைப் படிங்க" என்பார். மைக் அடுத்த வரிசைக்குப் போய்விடும்.

முதல் தவறு இது. என்னைக் கேட்டால் பெரிய தவறும் இதுதான். கேட்டவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். அவருக்குப் பதில் சொல்ல வாட்ஸ்அப்பில் ஆள் இருக்கிறது.

இத்தனைக்கும் பதில் கடினமானதல்ல. சிம்பன்சி நமக்குத் தாத்தா அல்ல, பங்காளி. சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பொது மூதாதையிலிருந்து பிரிந்த இரண்டு கிளைகள். பங்காளி இன்னும் ஊரில் இருக்கிறாரே, அப்புறம் நீ எப்படி வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்தது, பட்டத்தையே ஆதாரமாக நீட்டுவது. டார்வின் மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டவர். சூழலுக்குப் பொருந்துபவை தப்பிப் பெருகும் என்ற இயற்கைத் தேர்வை டார்வினைப் போலவே தனியாகக் கண்டறிந்த ஆங்கிலேய இயற்கையியலாளர் வாலஸ் பல்கலைக்கழகப் பக்கமே போகாதவர். தேர்ந்தெடுத்து ஜோடி சேர்த்தால் தலைமுறைகளில் உயிர்கள் எப்படி மாறுகின்றன என்று அறிய, லண்டன் புறா வளர்ப்போர் சங்கங்களில் சேர்ந்து, அவர்களிடம் பாடம் கேட்டார் டார்வின். 1859-ல் வந்த அவர் நூலின் முதல் அத்தியாயத்தில் பக்கம் பக்கமாகப் புறாதான். வடசென்னையில் மொட்டைமாடியில் பந்தயப் புறா வளர்ப்பவருக்கு, எந்த ஆணை எந்தப் பெண்ணோடு ஜோடி சேர்த்தால் குஞ்சு தூரம் தாங்கும் என்பது அத்துப்படி. அவரை முதலில் பேசவிட்டால் பேச்சாளரின் வேலை பாதி முடிந்தது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: உண்மையைக் கைதூக்கி முடிவு செய்வது. 2018 ஜனவரியில் ஒரு மத்திய இணையமைச்சர், குரங்கு மனிதனானதை யாரும் பார்த்ததில்லை, டார்வின் சொன்னது தவறு என்றார். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் கூட்டாக மறுத்தன. கைதட்டல் எந்தப் பக்கம் அதிகம் என்பதற்கும் எது உண்மை என்பதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் பள்ளியில் என்ன கற்பிப்பது என்பது எல்லோருடைய விஷயம். 2023-ல், சிபிஎஸ்இ பள்ளிகளுக்குப் பாடநூல் தயாரிக்கும் மத்திய அமைப்பான என்சிஇஆர்டியின் 10-ஆம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமம் நீக்கப்பட்டதை எதிர்த்து 1,800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டார்கள். சிபிஎஸ்இ-யில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் எத்தனை பேருக்கு அது தெரியும்?

கடைசியாக, தெரியாததை மறைப்பது. 1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சென்னைப் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்தார். சில மாதங்களில் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள். செய்தவர்களின் எலும்பு அங்கே கிடைக்கவில்லை. ஆகவே அவர்கள் எந்த மனித இனம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இதை மேடையில் சொன்னால் மதிப்பு போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை, "தெரியாது" என்று சொன்ன பிறகுதான் பின்வரிசையில் கைகள் உயர்கின்றன.