இருபது விநாடி கார்வை: ஷெரிஃப் பாட்டின் கடைசிச் சுரத்தைப் பிடிப்பது எப்படி?

ஷெரிஃப், கனடாவின் டொராண்டோ நகரத்து ராக் குழு. அவர்களுடைய 'வென் ஐம் வித் யூ' 1983இல் தனிப்பாடலாக வந்தது. 1985இல் குழுவே கலைந்துவிட்டது. பிறகு அமெரிக்க வானொலிகள் பாட்டை மறுபடி ஒலிபரப்ப, 1989 பிப்ரவரியில் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது. இதைப் பாட வருகிறவர்கள் திணறுவது முடிவில்தான்: குழுவின் பாடகர் ஃப்ரெடி கர்சி கடைசிச் சுரத்தை ஏறக்குறைய 20 விநாடி விடாமல் நீட்டிப் பிடிக்கிறார் (இதுதான் கார்வை).

அதற்கு அசாத்தியமான நுரையீரல் தேவையில்லை. வளர்ந்தவர் ஒருவர் முழுமூச்சில் விடக்கூடிய காற்று சுமார் 3 முதல் 5 லிட்டர். குரல்நாண்கள் நன்றாகச் சேர்ந்து ஒலித்தால் விநாடிக்கு 100 முதல் 200 மில்லிலிட்டர் செலவாகும். 4 லிட்டரை 150 மில்லிலிட்டரால் வகுத்தால் சுமார் 27 விநாடி வருகிறது. அதே குரலில் காற்று ஒழுகி 300 மில்லிலிட்டர் போனால் 13 விநாடியில் கதை முடிந்தது. எவ்வளவு இழுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு குறைவாக விடுகிறோம் என்பதே முக்கியம்.

1. மூச்சு எடுப்பது. கைகளை விலாவின் இரு பக்கமும் வையுங்கள். மூச்சு இழுக்கும்போது கைகள் வெளியே தள்ளப்பட வேண்டும். தோள் ஏறக் கூடாது. முக்கால் அளவு நிறைந்ததும் நிறுத்துங்கள். நெஞ்சு முட்ட நிரப்பினால் காற்று பிய்த்துக்கொண்டு வெளியேறப் பார்க்கும். அதைத் தடுக்கத் தொண்டை இறுகும். தம் கட்டிப் பாடுகிறவர்கள் பத்தாவது விநாடியில் விழுவது இதனால்தான்.

2. 'ஸ்' பயிற்சி. கடிகாரத்தைப் பார்த்தபடி 'ஸ்ஸ்' என்று சீராக விடுங்கள். முதலில் 12 விநாடி. மூன்று நாளுக்கு ஒருமுறை 2 விநாடி கூட்டி 25 வரை போகலாம். விரிந்த விலாவை உடனே சுருங்க விடாமல் தாங்கிப் பிடிப்பதுதான் இங்கே வேலை. ஒரு நாளைக்கு 5 முறை போதும். தலை சுற்றினால் உட்கார்ந்து சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

3. ஸ்ட்ரா. குளிர்பான ஸ்ட்ராவை உதட்டில் வைத்து அதன் வழியே 'ஊ' என்று ஒலியுங்கள், 3 நிமிடம். குறுகிய ஸ்ட்ரா காற்றைத் தடுப்பதால் உண்டாகும் எதிர்அழுத்தம் குரல்நாண்களைக் குறைந்த சிரமத்தில் அதிர வைக்கும். ஒலி மூக்கு வழியே கசிகிறதா என்று அறிய மூக்கைப் பிடித்துப் பாருங்கள். ஒலி மாறக் கூடாது.

4. அகாரம். சுருதிப் பெட்டியைப் போட்டு, உங்களுக்கு வசதியான மத்திய ஸ்தாயிச் சுரம் ஒன்றில் 'ஆ' பிடியுங்கள். தொடக்கம்தான் உயிர்நாடி. 'ஹா' என்று காற்றோடு தொடங்கினால் அந்த நொடியிலேயே நிறைய வீணாகும். தொண்டையை அடைத்து வெடித்தால் நாண்கள் உரசும். இரண்டுக்கும் நடுவே மெல்லத் தொடுங்கள். முதல் பாதியை அசையாமல், மிதமான சத்தத்தில் வையுங்கள்; நடுக்கம் கொடுப்பதெல்லாம் பின்பாதியில். உரக்கத் தொடங்கினால் காற்று சீக்கிரம் தீரும். கடைசி 5 விநாடியில் சுருதி இறங்குவது சகஜம்: காற்றழுத்தம் குறைகிறது. அப்போது கழுத்தை நீட்டாமல் அடிவயிற்றை மெதுவாக உள்ளே இழுங்கள்.

5. பாட்டுக்குள். அசல் ஸ்தாயி மிக உயரம். கரோக்கியை 3 முதல் 5 அரைச்சுரம் (கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளி ஓர் அரைச்சுரம்) இறக்கிக்கொள்ளுங்கள். கடைசி வரிக்கு முன் மூச்சு எடுக்கும் இடத்தைப் பாட்டுத்தாளில் குறியுங்கள். தேவைப்பட்டால் அதற்கு முந்தைய சொல்லைக் குறுக்கியாவது அந்த இடைவெளியை உண்டாக்குங்கள். மைக்கை உதட்டிலிருந்து நான்கு விரல் தூரத்தில் பிடித்து, குரல் மெலியும்போது நெருக்குங்கள்.

தொண்டை எரிந்தாலோ கரகரத்தாலோ அன்றைக்குப் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். மறுநாள் ஸ்ட்ராவிலிருந்து தொடங்கலாம்.