கண்ட்ரோல் சார்ட் ரொம்ப அழகா இருந்தா சந்தேகப்படுங்க

இந்த சீசன்ல கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலைக்கு போயிருந்தேன், புதுசா சேர்ந்த டிப்ளமோ பையன் ஒருத்தன் "அண்ணா, ரெண்டு வாரமா ஒரு புள்ளி கூட வெளிய போகல பாருங்க"ன்னு கண்ட்ரோல் சார்ட்ட (டின் எடையோட சராசரிய புள்ளியா வெச்சு, மேலயும் கீழயும் லிமிட் கோடு போட்டு பாக்குற படம்) கொண்டாந்து நீட்டுனான். எனக்கு வயித்த கலக்கிருச்சு, ஏன்னா நானும் ஒரு காலத்துல இதே மாதிரி பல்ல காட்டிக்கிட்டு நின்னவன்தான். எடைய மாத்தி எழுதுறது, காலி டின் எடைய கழிக்க மறக்குறதெல்லாம் நாலு திட்டு வாங்குனா சரியாயிடும், அத விட்ருவோம், சார்ட்டையே ஏமாத்துற தப்புகள மட்டும் பாப்போம்.

எல்லா நாசிலையும் ஒரே சப்குரூப்புல போடுறது

நான் முன்ன வேலை பாத்த எடத்துல ஃபில்லருக்கு (டின்ல கூழ் ஊத்துற மெஷின்) நாலு நாசில், அதாவது ஊத்துற குழாய், 3.1 கிலோ டின். அரை மணிக்கு ஒருக்கா நாசிலுக்கு ஒரு டின்னா நாலு எடுத்து (இந்த நாலுதான் ஒரு சப்குரூப்) சராசரியும் ரேஞ்சும் (அதிக எடைக்கும் கொறஞ்ச எடைக்கும் உள்ள வித்தியாசம்) போடுவேன், எதையும் விடாம பாக்குறோம்னு பெருமை வேற. மூணு நாசில் 3105 கிராம் சுமாருக்கு ஊத்துது, கடைசி நாசில் மட்டும் சீல் தேஞ்சு 3125. அதனால ரேஞ்ச் எப்பவும் 23 கிட்டயே நிக்கும், நாலு டின்னுக்கு ஏ2ங்குற அட்டவணை எண் 0.729, பெருக்குனா 17, ஆக லிமிட் 3110க்கு மேல 17 கீழ 17. ஆனா ஒவ்வொரு நாசிலயும் தனியா பாத்தா சிக்மா (சராசரிய சுத்தி எடை சிதறுற அளவு) மூணே கிராம், அதனால சராசரி 3107க்கும் 3113க்கும் நடுவுலயே ஆடிட்டு இருக்கும். யானை போற வாசல்ல எறும்ப புடிக்க உக்காந்த கதை.

ரேஞ்சுக்குள்ள ஒரு நாசிலோட இயல்பான ஆட்டம் மட்டும்தான் இருக்கணும், நான் நாசிலுக்கு நாசில் உள்ள வித்தியாசத்தையும் சேத்து மூட்டை கட்டிட்டேன். ஷிஃப்டுக்கு 4000 டின்னுன்னா அந்த நாசில்ல 1000, டின்னுக்கு 20 கிராம், தெனம் ஷிஃப்டுக்கு 20 கிலோ பெங்களூரா மாம்பழக்கூழ் ஓசியில போயிருக்கு. கண்டுபுடிச்சதும் நான் இல்ல, டின்னுக்கு மூடி போடுற சீமர்ல நிக்குற அக்கா "அந்த கடைசி குழாய் டின்னு மட்டும் தளும்புது சார்"னு சொன்னாங்க. நடுவுல ஆடிட்டுக்கு வந்தவரு என் சார்ட்ட பாராட்டிட்டு போனாரு, அதான் இன்னும் எரியுது!

இத்தனைக்கும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனி 1956லயே விதி எழுதி வெச்சிருக்கு, தொடர்ந்து 15 புள்ளி நடுக்கோட்ட ஒட்டி ஒரு சிக்மாவுக்குள்ளயே (சார்ட்டுல நடுக்கோட்டுக்கும் லிமிட்டுக்கும் உள்ள தூரத்துல மூணுல ஒரு பங்கு) நின்னா ஏதோ கலந்திருக்குன்னு அர்த்தம். நாசிலுக்கு ஒரு சார்ட் போடுங்க, ஒரே நாசில்ல அடுத்தடுத்து வர்ற நாலு டின் எடுங்க. வேலை கூடும்தான்.

ஸ்பெக் லிமிட்ட சார்ட்டுல போடுறது

கஸ்டமர் கேக்குறது (ஸ்பெக்) வேற, மெஷின் தர்றது (கண்ட்ரோல் லிமிட்) வேற. போடாதீங்க.

ஒவ்வொரு புள்ளிக்கும் திருகுறது

ஆப்பரேட்டர் ரெண்டு கிராம் கூடுச்சுன்னு ஃபில்லர திருகி கொறைப்பான், அடுத்ததுல கொறஞ்சுதுன்னு கூட்டுவான், ஆட்டம் இன்னும் கூடத்தான் செய்யும். லிமிட்டுக்குள்ள நின்னு, வேற விதியும் ஒடையலேன்னா கைய கட்டிக்கிட்டு நில்லுங்க.

ஆர் சார்ட்ட பாக்காம தாண்டுறது

ரேஞ்ச காட்டுற அந்த ஆர் சார்ட்டத்தான் மொதல்ல பாக்கணும். ரேஞ்ச் கட்டுக்குள்ள இல்லேன்னா அதுலருந்து போட்ட சராசரி லிமிட்டுக்கு மதிப்பே இல்ல.