அம்பாசடர் பம்பர்: துரு எடுப்பதும், க்ரோம் மேல் பெயிண்ட் ஒட்ட வைப்பதும்

மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலையில் அம்பாசடர் கார் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் பழைய பம்பர் கிடைக்கலாம், ஆனால் அதுவும் துருவோடுதான் வரும். கையில் இருப்பதையே தேற்றப் பாருங்கள். பம்பரைக் கழற்றிக் கழுவிக் காயவைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அடியில் இரும்பு. ஒட்டாவிட்டால் அலுமினியமோ, துத்தநாக வார்ப்போ, எவர்சில்வரோ இருக்கலாம். கீழே சொல்வது இரும்புக்கு மட்டும்.

அடுத்து நகத்தால் தடவுங்கள். க்ரோம் படலம் ஒரு மைக்ரான்கூட இருக்காது, அதைத் தாங்குவது அடியிலுள்ள நிக்கல். நகம் தட்டுப்படாத பழுப்புக் கறை மேலோடு போய்விடும். குழியில் மாட்டினால் துரு இரும்பிலிருந்தே கிளம்புகிறது, எத்தனை தேய்த்தாலும் திரும்பி வரும். அதற்கு முலாம் கடை அல்லது பெயிண்ட்தான்.

மேலோட்டமான துருவுக்குச் சமையலறை அலுமினியத் தாள் போதும். கசக்கித் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேயுங்கள். அலுமினியம் க்ரோமைவிட மென்மையானது, அதனால் கீறல் விழாது. கருஞ்சேறு கிளம்பும், துடைத்துவிட்டு மெழுகு பூசுங்கள். பாத்ரூம் ஆசிட் பக்கம் போகவே வேண்டாம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருவோடு க்ரோமையும் கரைத்துவிடும்.

சரி, பெயிண்ட். புதிதாகச் செய்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பளபளக்கும் க்ரோம் மேல் நேராக அடித்தால் சில வாரத்தில் தோலாக உரிந்து வரும், பெயிண்டைக் குறை சொல்லிப் பயனில்லை. வழவழப்பில் அதற்குப் பிடிமானமே கிடையாது. 320 நம்பர் வாட்டர் பேப்பரை (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீர் விட்டுத் தேய்த்து, ஓரம் மடிப்பு எல்லாம் மங்கலாக்குங்கள். எங்காவது முகம் தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். உரிந்துகொண்டிருக்கும் முலாமை முழுதாக எடுத்துவிடுங்கள். அப்புறம் தின்னர் துணியால் துடைக்க வேண்டும், அதன்பின் வெறுங்கையால் தொடக் கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடம் தனியாகக் காட்டிக்கொடுக்கும்.

பிரைமரில், அதாவது பெயிண்டுக்கு அடியில் அடிக்கும் கோட்டில், என் ஓட்டு ஹார்டனர் கலந்து அடிக்கும் எபாக்ஸிக்கே. ஸ்ப்ரே டப்பா பிரைமர் மலிவு, ஆனால் கல் தெறித்தால் தாங்காது. எபாக்ஸி காய்ந்ததும் 600 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்து, சில்வர் பெயிண்டை மெல்லிய கோட்டுகளாக அடியுங்கள். மேலே 2கே கிளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கும் நிறமற்ற மேல்கோட்) அடிப்பதானால் வெறும் தூசி மாஸ்க் போதாது, அதில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. வசதி இல்லாவிட்டால் பெயிண்ட் கடையிலேயே கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள்.

பம்பரின் பின்பக்கத்தை மறக்காதீர்கள். அங்கே முலாம் மெல்லிசு, சேறும் தங்கும். துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு (துரு தடுக்கும் சிவப்பு பிரைமர்) அடித்தால் போதும், யாரும் எட்டிப் பார்க்கப்போவதில்லை.

பின்சேர்க்கை: டூகோ (தின்னர் கலந்து அடிக்கும், சீக்கிரம் காயும் பெயிண்ட்) அடித்ததும் பால் மாதிரி வெளுக்கிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். மழைக்காலத்து வேலை அது. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் படிகிறது. வெயில் ஏறியபின் அடியுங்கள், அல்லது மெதுவாகக் காயும் தின்னர் கேட்டு வாங்குங்கள்.