பெர்சிமன் பழம்: எப்போது, எப்படிச் சாப்பிடுவது?
பெர்சிமன் வாங்கினால் முதலில் வடிவத்தைப் பாருங்கள். தக்காளி மாதிரி தட்டையாக இருந்தால் பெரும்பாலும் ஃபுயு வகை, ஆப்பிள் போல நறுக்கென்று கடித்தே சாப்பிடலாம். அடி கூம்பி நீண்டிருந்தால் ஹச்சியா. அதை மட்டும் அவசரப்பட்டுக் கடித்துவிடாதீர்கள், டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய இருப்பதால் வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தது போல நாக்கு, ஈறு எல்லாம் துவர்த்து இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஒரு வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டு வையுங்கள், தோல் மினுமினுத்து, தண்ணீர் நிரப்பிய பலூன் போல தொளதொளவென்று ஆனதும் காம்பைக் கிள்ளிவிட்டுக் கரண்டியால் வழித்துச் சாப்பிடுங்கள், அப்படியே தேன்தான்!

100 கிராமில் சுமார் 70 கலோரி, 3.6 கிராம் நார்ச்சத்து. அப்புறம், துவர்க்கும் காயை வெறும் வயிற்றில் நிறையத் தின்ன வேண்டாம், டானின் வயிற்றுக்குள் கட்டியாகத் திரண்டுவிடக்கூடும்.