எல்லா டோனும் தரும் ஆம்ப்புக்குச் சொந்த டோன் கிடையாதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிட்டார் ஆம்ப்ளிஃபையர் வாங்கப் போகிறவரிடம் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லிவிடுவார்: “எல்லா வேலையும் செய்கிற ஆம்ப்புக்கென்று சொந்தமாக ஒரு டோன், அதாவது ஒலியின் தனிக்குணம், இருக்காது.” ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் என்றால் தெளிந்த கிளீன் (கரகரப்பில்லாத ஒலி), வாக்ஸ் ஏசி30 என்றால் கணீரென்ற மேல் ஸ்தாயி, மார்ஷல் என்றால் உறுமல் என்று ஆளுக்கு ஓர் அடையாளத்தோடு நமக்குப் பழகிவிட்டது. மூன்று சேனல் (மாற்றி மாற்றித் தேர்ந்தெடுக்கும் ஒலிப் பாதைகள்), அதன்மேல் வரிசையாகச் சுவிட்சுகள் என்று ஒன்று வந்து நின்றால் அதை நம்ப மனம் வருவதில்லை.

இந்த எச்சரிக்கையே முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து பிறப்பவை.

பலகுரலில் பேசிக் காட்டும் கலைஞர் பத்து நடிகர்களாக மாறினாலும், நான்கு நிகழ்ச்சி கேட்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அவர் யாரென்று சொல்லிவிடுவார்கள். தொண்டையும் மூச்சும் அவருடையவைதானே. ஆம்ப்பிலும் சேனலை மாற்றும்போது பெரும்பாலும் மாறுவது ப்ரீஆம்ப், அதாவது ஒலிக்கு முதலில் வடிவம் தரும் பகுதி, மட்டும்தான். அதற்குப் பின்னால் ஒலிக்குப் பலம் கொடுக்கும் பவர் வால்வுகள் (கண்ணாடிக் குழாய்கள்), அதை ஸ்பீக்கருக்குக் கடத்தும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர், அது உட்கார்ந்திருக்கும் மரப்பெட்டி எல்லாம் எந்தச் சேனலிலும் அவையேதான். கம்பியைத் தட்டியவுடன் ஒலி எவ்வளவு சட்டென்று எழுகிறது, தடித்த கம்பி இறுக்கமாகக் கேட்கிறதா தளர்ந்து கேட்கிறதா, ஒரு கார்டு எப்படித் தேய்ந்து அடங்குகிறது என்பவற்றில் பெரும்பங்கு இவற்றின் கையில் இருக்கிறது.

இதற்கு நல்ல சான்று மார்ஷலின் பிறப்பே. 1960களின் தொடக்கத்தில் லண்டன் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் நடத்திய கடையில், கென் பிரானும் டட்லி கிரேவனும் சேர்ந்து ஜேடிஎம்45 ஆம்ப்பை உருவாக்கினார்கள். அதன் சுற்று வரைபடம் ஏறக்குறைய அப்படியே ஃபெண்டரின் பாஸ்மேன் என்ற ஆம்ப்புடையது. ஆனால் முதல் வால்வு வேறு: பாஸ்மேனில் 12ஏஒய்7, மார்ஷலில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கம் கொண்ட ஈசிசி83. டிரான்ஸ்ஃபார்மர் இங்கிலாந்தில் கிடைத்தது. பாஸ்மேனில் பின்புறம் திறந்த பெட்டிக்குள் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள் இருந்தன. மார்ஷலில் மூடிய பெட்டிக்குள் நான்கு 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்கள். காகிதத்தில் ஒரே சுற்று, காதுக்கு இரண்டு வெவ்வேறு ஆம்ப்கள். ஆகவே ‘இதில் எத்தனை சேனல்’ என்ற கேள்விக்கும் ‘இதற்குச் சொந்த டோன் உண்டா’ என்ற கேள்விக்கும் பெரிய தொடர்பில்லை.

அடுத்த தவறு, எந்த ஆம்ப் கையில் கிடைத்தாலும் எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்துவிட்டு, ‘இதுதான் இதன் இயல்பான டோன்’ என்று தீர்ப்புச் சொல்வது. பழைய ஃபெண்டர் வகை டோன் சுற்றில் பேஸ், மிட், டிரெபிள் மூன்றும் ஐந்தில் இருந்தால் ஒலி சமமாக வராது. 400, 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஆழமான பள்ளம் விழும். டிரெபிளையும் பேஸையும் அடியோடு குறைத்து மிட்டை முழுவதும் ஏற்றினால்தான் ஒலியின் வரைகோடு ஓரளவு சமமாகும். இந்தச் சுற்று எதையும் கூட்டுவதில்லை. எதை எவ்வளவு கழிப்பது என்று மட்டும்தான் தீர்மானிக்கிறது. ஒரு குமிழைத் திருப்பினால் மற்ற இரண்டின் வேலையும் கொஞ்சம் மாறும். டீலக்ஸ் ரிவெர்ப்பில் மிட் குமிழே கிடையாது, அந்த இடத்தில் நிலையான ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு மணி என்பது குமிழின் நடு. ஒலியின் நடு அங்கே இருப்பதாக யாரும் உத்தரவாதம் தரவில்லை.

இந்தப் பழக்கத்தோடு மெஸா பூகி மார்க் வரிசையை அணுகுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கலிஃபோர்னியாவில் ராண்டால் ஸ்மித் என்பவர் சின்னஞ்சிறிய ஃபெண்டர் பிரின்ஸ்டனுக்குள் பெரிய ஆம்ப்பின் பலத்தைத் திணித்ததில் தொடங்கிய வரிசை இது. 2009இல் வந்த மார்க் ஃபைவ், மூன்று சேனலில் ஒன்பது குரல்கள் கொண்டது: கிளீன், ஃபேட், ட்வீட், எட்ஜ், கிரஞ்ச், மார்க் ஒன், மார்க் டூ சி பிளஸ், மார்க் ஃபோர், எக்ஸ்ட்ரீம். ஒவ்வொரு சேனலுக்கும் 10, 45, 90 வாட் என்று தனியாகத் தேர்வும் உண்டு. பல்திறன் ஆம்ப்புக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதன் லீட் ஒலியை (தனி வாசிப்புக்கான ஒலி) கேட்டுப் பழகியவர்கள், சுருதி நீண்டு பாடும் அந்த அடர்ந்த நடுப்பகுதியை வைத்தே ‘பூகி’ என்று சொல்லிவிடுவார்கள்.

அந்த அடையாளம் எங்கிருந்து வருகிறது? பல உயர் கெயின் ஆம்ப்களில் (ஒலியை மிக அதிகமாகப் பெருக்குபவை) டிஸ்டார்ஷன், அதாவது ஒலி உடைந்து வரும் கரகரப்பு, உருவான பிறகுதான் டோன் குமிழ்கள் வருகின்றன. மார்க் வரிசையின் லீட் பகுதியில் அவை அதற்கு முன்னாலேயே இருக்கின்றன. அதாவது பேஸ் குமிழைத் திருப்பும்போது, டிஸ்டார்ஷனுக்குள் எவ்வளவு பேஸ் போக வேண்டும் என்று முடிவு செய்கிறீர்கள். நடுவில் வைத்தால் கீழ் ஸ்தாயி அளவுக்கு மீறி உள்ளே போய் நசுங்கும். தடித்த ஈ கம்பியை உள்ளங்கையால் அமுக்கி ‘ஜக் ஜக்’ என்று தட்டிப் பாருங்கள். வெட்டு விழ வேண்டிய இடத்தில் கொழகொழவென்று வரும். பேஸை ஒன்றுக்கோ இரண்டுக்கோ இறக்கி, டிரெபிளை ஏழுக்கு மேல் ஏற்றுங்கள். டிரெபிள் இங்கே கெயினுக்கும் துணைபோகும். ஒலி இறுகிவிடும், ஆனால் மெலிந்தும் போகும். இழந்த பேஸை அப்போதுதான் முகப்பில் உள்ள ஐந்து நழுவுபட்டைகளால் திரும்பக் கொண்டுவர வேண்டும்: 80, 240, 750, 2200, 6600 ஹெர்ட்ஸ். இவை டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் இருப்பதால், 80ஐ எவ்வளவு ஏற்றினாலும் கொழகொழப்பு திரும்பாது. நடுப்பட்டையைத் தாழ்த்தி இரு ஓரங்களையும் உயர்த்தும் பிரபலமான அமைப்பு இங்கேதான் நடக்கிறது. இது தெரியாமல் எல்லாவற்றையும் நடுவில் வைத்து வாசித்துவிட்டு, ‘எதிலும் தேறாத ஆம்ப்’ என்று விற்றுவிட்டவர்கள் இருக்கிறார்கள். வாங்கியவர் பாடு கொண்டாட்டம்.

சத்த அளவைப் பொருட்படுத்தாமல் தீர்ப்புச் சொல்வது இன்னொரு தவறு. குறைந்த சத்தத்தில் நம் காது கீழ் ஸ்தாயியையும் மிக உயர்ந்த ஸ்தாயியையும் குறைவாகக் கேட்கும். பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை வரைகோடுகளாகப் போட்டுக் காட்டிவிட்டார்கள். இரவு பத்து மணிக்குப் படுக்கையறையில், அடுத்த வீட்டுக்காரருக்குப் பயந்து பேஸையும் டிரெபிளையும் கூட்டி அமைத்த டோன், மேடைக்குப் போனதும் இரைந்து குத்துவது இதனால்தான். ஆம்ப் மாறவில்லை, காது வேறு விதமாகக் கேட்கிறது. இரண்டு சேனல்களை ஒப்பிடும்போதும் இதே கண்ணி உண்டு: கொஞ்சம் சத்தம் கூடுதலாக இருப்பது எப்போதும் நன்றாக இருப்பதாகவே தோன்றும். மொத்தச் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்டர் வால்யூமை வைத்துச் சமப்படுத்தாமல் செய்யும் ஒப்பீடு எதற்கும் உதவாது.

வேறு ஆம்ப்களின் ஒலியை டிஜிட்டலாகப் பாவனை செய்யும் மாடலிங் ஆம்ப்களுக்கு வருவோம். லைன் 6 நிறுவனம் 1998இல் பாட் என்ற சிவப்புப் பெட்டியைக் கொண்டுவந்ததிலிருந்து, ஒரே கருவிக்குள் புகழ்பெற்ற ஆம்ப்களின் பெயர்ப்பட்டியல் இருப்பது சாதாரணமாகிவிட்டது. ஒலியைக் காதால் கேட்காமல் பெயரைக் கண்ணால் கேட்பதுதான் இங்கே வழக்கமான தவறு. மாடலிங் ஆம்ப்புக்குள் எந்த ஆம்ப்பின் பெயர் மின்னினாலும், ஒலி வெளியே வருவது அதன் சொந்த ஸ்பீக்கர் வழியாக. கிட்டார் ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரியும், அதற்குச் சற்றுக் கீழே தனக்கே உரிய மேடுபள்ளங்கள் கொண்டிருக்கும். அந்த முத்திரை எல்லாப் பெயர்களின் மேலும் விழும். இதைவிட மோசமான தவறு ஒன்றுண்டு: மாடலிங் பெட்டியில் ஸ்பீக்கர் பாவனையை அணைக்காமல், அதைச் சாதாரண கிட்டார் ஆம்ப்பில் செருகுவது. ஒரு ஸ்பீக்கருக்குள் இன்னொரு ஸ்பீக்கர் பேசுவதால் எல்லா டோனும் மந்தமாகிவிடும். பிறகு ‘மாடலிங்கில் எல்லாமே ஒரே மாதிரி’ என்று குறை வரும்.

பாஸ் நிறுவனம் 2016இல் கொண்டுவந்த கட்டானா ஆம்ப் இந்த விஷயத்தில் கொஞ்சம் நேர்மையானது என்பது என் கருத்து. அதன் வகைகளுக்கு அக்கூஸ்டிக், கிளீன், கிரஞ்ச், லீட், பிரவுன் என்று பொதுப்பெயர்களே வைத்திருக்கிறார்கள். இன்னார் போல இருக்கிறதா என்று சரிபார்க்கத் தோன்றாததால், ஆம்ப்பை ஆம்ப்பாகவே கேட்க முடிகிறது.

நிற்கும் இடமும் கவனிக்க வேண்டியது. கிட்டார் ஸ்பீக்கரின் உயர் ஸ்தாயி நேர்க்கோட்டில் பாய்கிறது. ஆம்ப் தரையில், நீங்கள் நின்றபடி என்றால் அந்த டோனை அனுபவிப்பது உங்கள் முழங்கால். ஆம்ப்பைச் சாய்த்து வையுங்கள், அல்லது நாற்காலியில் ஏற்றுங்கள். வீடியோ பார்த்து முடிவெடுப்பதைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை: ஸ்பீக்கரின் மையத்திலிருந்து மைக்கை இரண்டு அங்குலம் நகர்த்தினால் வரும் வேறுபாடு, பல சமயம் இரு ஆம்ப்களுக்கு இடையே உள்ளதைவிடப் பெரியது.

டோன் பிடிக்கவில்லை என்றதும் பலர் ப்ரீஆம்ப் வால்வுகளை மாற்றத் தொடங்குகிறார்கள். பெட்டிபெட்டியாக வாங்கி, கேட்கும் வேறுபாட்டைக் காட்டிலும் அதிகமாக வர்ணிக்கிறார்கள். ஒரே தர 12ஏஎக்ஸ்7 (ஈசிசி83இன் இன்னொரு பெயர்) வால்வுகளுக்குள் வேறுபாடு சிறிதுதான். ஆம்ப்பின் முகத்தை உண்மையிலேயே மாற்ற வேண்டுமானால் ஸ்பீக்கரிடம் போங்கள். செலஸ்டியனின் கிரீன்பேக் ஸ்பீக்கரைக் கழற்றி அதன் வின்டேஜ் 30 ஸ்பீக்கரை மாட்டினால் மேல்-நடுப்பகுதி முன்னால் வந்து நிற்பதை யாரும் சொல்லாமலே கேட்கலாம். ஓம் அளவும் வாட் தாங்கும் திறனும் பொருந்துகின்றனவா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் ஓர் ஆம்ப்பின் சொந்த டோனைக் கண்டுபிடிக்க, உங்கள் கிட்டாரையே எடுத்துச் செல்லுங்கள். ரிவெர்ப், எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சத்தத்தைச் சமமாக்கி, ஒரே நான்கு வரியை எல்லாச் சேனலிலும் வாசியுங்கள். எது மாறுகிறது என்பதை விற்பனையாளரே சொல்லிவிடுவார். எல்லாச் சேனலிலும் மாறாமல் நிற்பதை நீங்கள் கேளுங்கள். அது பிடிக்கவில்லை என்றால், எத்தனை சுவிட்ச் இருந்தாலும் அந்த ஆம்ப்பை வாங்க வேண்டாம்.