டிவி ஸ்டிக் போனில் தெரியவில்லையா? ரவுட்டரைத் திறந்து பாருங்கள்

போன ஐப்பசி மழையில் கோத்தகிரியிலிருந்து அக்கா போன் செய்தாள். "டேய், நெட்ல படம் காட்டுற புது ஸ்டிக்கை டிவியில மாட்டிட்டேன். நெட் நல்லாத்தான் இருக்கு. ஆனா போன்ல இருக்கிற படம் டிவிக்குப் போகவே மாட்டேங்குது." மூன்று முறை ரீசெட் செய்துவிட்டு, கடையில் திருப்பிக் கொடுக்கப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். ஸ்டிக்கில் ஒரு குறையும் இல்லை. ரவுட்டரில் போட்டிருந்த ஒரே ஒரு டிக்தான் காரணம். உங்கள் வீட்டிலும் இதே சிக்கல் என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

படி 1: கோளாறு எந்தப் பக்கம்?

ஸ்டிக்கின் ரிமோட்டாலேயே யூடியூபில் ஒரு வீடியோவைப் போடுங்கள். ஓடினால் இணையம் சரி. போனும் ஸ்டிக்கும் ஒன்றையொன்று பார்க்க முடியாததுதான் சிக்கல். 2-ஆம் படியை முடித்துவிட்டு 3-ஆம் படிக்குப் போங்கள். ஓடவே இல்லையென்றால், போனின் ஹாட்ஸ்பாட்டில் ஸ்டிக்கை இணைத்துப் பாருங்கள். அதில் ஓடினால் ஸ்டிக் நல்ல ஸ்டிக், சந்தேகம் ரவுட்டர் மேல். அப்போது 2-ஆம் படியை முடித்துவிட்டு நேராக 5-க்குப் போகலாம்.

படி 2: ரவுட்டருக்குள் நுழைவது

வீட்டு வைஃபையில் இருந்தபடி பிரௌசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடியுங்கள். சரியான முகவரியும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். எதையும் மாற்றுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

படி 3: ஐசொலேஷன்

அக்கா வீட்டில் மாட்டியது இங்கேதான். ஏப்ரல், மே சீசனில் இரண்டு அறைகளை ஹோம்ஸ்டேயாக விடுகிறாள். ஒரு விருந்தாளியின் லேப்டாப்பை இன்னொருவர் எட்டிப் பார்க்கக் கூடாது என்று, வைஃபை போட வந்தவர் 'ஏபி ஐசொலேஷன்' என்பதை ஆன் செய்திருக்கிறார். சில ரவுட்டர்களில் இதன் பெயர் 'கிளையன்ட் ஐசொலேஷன்'. இது ஆனில் இருந்தால் ஒவ்வொரு கருவிக்கும் இணையம் கிடைக்கும். பக்கத்துக் கருவியோடு மட்டும் பேச முடியாது. விருந்தாளிகளுக்கென்று ரவுட்டரில் தனியாக வைக்கும் வைஃபையான கெஸ்ட் நெட்வொர்க்கிலும் வழக்கமாக இப்படித்தான் இருக்கும். போன் ஒரு நெட்வொர்க்கிலும் ஸ்டிக் இன்னொன்றிலும் இருந்தாலும் கதை அதேதான்.

அதற்காகப் பாதுகாப்பை மொத்தமாக எடுத்துவிட வேண்டாம். விருந்தாளிகளைக் கெஸ்ட் நெட்வொர்க்குக்கு மாற்றுங்கள். வீட்டு நெட்வொர்க்கில் மட்டும் ஐசொலேஷனை ஆஃப் செய்து, போனையும் ஸ்டிக்கையும் அதிலேயே சேருங்கள். அக்காவுக்கு இதோடு முடிந்தது. ஐந்து நிமிட வேலை.

படி 4: மல்டிகாஸ்ட்

இன்னும் ஸ்டிக் தெரியவில்லையா? படத்தை டிவிக்கு அனுப்பும் காஸ்ட் பட்டனை அழுத்தியதும் போன், "இந்த வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?" என்று எல்லாக் கருவிகளுக்கும் கேட்கிற மாதிரி கூப்பிடுகிறது. கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க உதவும் எம்டிஎன்எஸ் என்ற முறையில் அந்தக் குரல் 224.0.0.251 என்ற முகவரிக்கு, யுடிபி 5353 போர்ட்டில் போகிறது. சில ரவுட்டர்கள் அதை வழியிலேயே விழுங்கிவிடும். இப்படிப் பலருக்கும் போகும் குரலை எந்தக் கருவிக்கு அனுப்புவது என்று ரவுட்டர் தீர்மானிக்கும் 'ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்' ஆனில் இருந்தால் ஆஃப் செய்து சோதியுங்கள்; ஆஃபில் இருந்தால் ஆன் செய்து பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாமல் போய்விடும்.

படி 5: வைஃபையில் சேரவே மறுத்தால்

வைஃபையின் பாதுகாப்பு முறை புதிய டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால், பழைய டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றுங்கள். எந்தக் கருவியைச் சேர்ப்பது, எதைத் தடுப்பது என்று சொல்லும் மேக் ஃபில்டர் பட்டியலில் ஸ்டிக் தடுக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசைகளில் வரும். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ரேடாரோடு பகிரப்படுபவை. சில ஸ்டிக்குகளின் கண்ணுக்கு அவை தெரியாது. 36 முதல் 48-க்குள் ஒன்றை வையுங்கள். 2013-இல் வந்த கூகுளின் முதல் குரோம்காஸ்ட் ஸ்டிக் போன்ற பழைய கருவிகளுக்கு 2.4 மட்டும்தான். குன்னூர், ஊட்டிப் பக்கத்துப் பழைய கல் வீடுகளில் 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு சுவர் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும், அங்கேயும் 2.4 தான் நல்லது.

எதுவும் சரிவராவிட்டாலும் ரவுட்டரின் பின்னால் ரீசெட் செய்வதற்காக உள்ள ஊசித் துளையை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். இணைப்புக்கான யூசர்நேமும் பாஸ்வேர்டும் அதோடு அழிந்துவிடலாம். மழைக் காலத்தில் லைன்மேன் மலையேறி வர எத்தனை நாளாகும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் அந்த யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் இணைப்புக் கொடுத்தவரிடம் கேட்டு வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் அழுத்தலாம்.